அரிசோனாவுக்குப் போகாத நாற்பத்து மூன்று பேர்

மார்ச் 3, செவ்வாய்

பனி உருகிப் பள்ளி வாசல் முழுக்கச் சேறு. தாமதமாக வந்த பதினெட்டுப் பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பதினெட்டுப் பேரும் சேற்றையே காரணமாகச் சொன்னார்கள்.

மத்தியானம் லியானா போன் செய்தாள். பெட்ரோல் பங்கில் லீவு போட்டுவிட்டு, படிப்பை இடையில் விட்டவர்களைத் திரும்பச் சேர்க்கும் வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போயிருக்கிறாள். என் பெண் தானாகவே படிப்பைத் தேடிப் போனது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் செவிலியர் உதவியாளர் வேலைக்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். இருபத்தொரு வயது நிறைவதற்குள் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு. ஜூன் ஒன்பதில் அவளுக்கு இருபத்தொன்று.

சேர்க்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்து, நீ இடையில் நின்றவள் இல்லையே, 2004-ல் அரிசோனாவுக்கு மாற்றலாகிப் போனவள், உன் பதிவெல்லாம் அங்கேதான் இருக்கும், அங்கே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டாராம்.

அரிசோனாவா? அது எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மார்ச் 4, புதன்

தலைமை எழுத்தர் மேவிஸிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நான் கேன்டீனில் இருந்து அலுவலகத்துக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த ஒன்றரை வருஷமும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எவனாவது தொடர்ந்து வராமல் இருந்தால், "இவன் சீக்கிரம் அரிசோனாதான்" என்பாள் மேவிஸ். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். பாலைவனத்துக்குத் துரத்தணும்னு ஏதோ கிண்டல் என்று நினைத்தேன். மண்டு.

கிண்டல் இல்லை. ஒரு பிள்ளை இடையில் நின்றால் பள்ளிக்குக் கெட்ட பெயர், படிப்பை முடிக்கிறவர்களின் சதவீதம் இறங்கும். வெளி மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனால் கணக்கிலேயே வராது, வந்த சுவடே இல்லாமல் போய்விடும். ஆகவே படிப்பு வராத பிள்ளைகளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள், காகிதத்தில்.

ஏன் அரிசோனா என்று கேட்டேன். "படிவத்துல புது முகவரின்னு ஒரு கட்டம் இருக்குடி. எனக்குத் தெரிஞ்ச வெளியூர் முகவரி அது ஒண்ணுதான். என் தங்கச்சி வீடு" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

மேவிஸ் பல் டாக்டரிடம் போயிருந்தாள். பழைய இரும்பு அலமாரியைத் திறந்தேன்.

நாற்பத்து மூன்று விலகல் படிவங்கள். நாற்பத்து மூன்றிலும் ஒரே முகவரி: அரிசோனா, யூமா நகர், 17-ம் எண் டிரெய்லர். மேவிஸின் தங்கை ஆஸ்துமாவுக்காகப் போய்க் குடியிருக்கிற சக்கரத்தின் மேல் நிற்கிற இரண்டு அறைத் தகர வீடு. அதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர் நாலு வருஷமாக அடைந்து கிடக்கிறார்கள்! வாஷிங்டன் வரைக்கும் இந்தக் கணக்கு போயிருக்கிறது, ஒருத்தன் ஒரு தடவைகூட முகவரியைப் பார்க்கவில்லை.

கீழே ஒவ்வொன்றிலும் அப்போதைய தலைமை ஆசிரியர் ராய்ஸ் பெனிங்டனின் கையெழுத்து. இன்றைக்கு அவன் மாவட்டக் கல்வி அதிகாரி, அலுவலகம் எங்கள் பள்ளி வளாகத்திலேயே.

லியானாவின் படிவமும் இருந்தது. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் இருப்பதைப் பற்றி இன்றைக்கு எழுத முடியாது. எல்லாப் படிவங்களையும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். அது என் கையெழுத்து.

யாரும் என் கையெழுத்தைப் போலியாகப் போடவில்லை. நானேதான் போட்டேன். ஞாபகம் வந்துவிட்டது. நவம்பர், வெள்ளிக்கிழமை, பீட்சா நாள். வரிசை நடைபாதை வரைக்கும் நிற்கிறது. நான் பரிமாறிக்கொண்டிருந்த ஜன்னலுக்குப் பெனிங்டன் வந்தான். லியானா வராத நாட்கள் அதிகமாகிவிட்டன, நீதிபதி வரைக்கும் போனால் உனக்கு அபராதம், இதில் ஒரு கையெழுத்துப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டின் முதுகில் வைத்துப் போட்டேன். தாளின் ஓரத்தில் தக்காளிச் சாறு இன்னும் இருக்கிறது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்து அவனுக்கு ஒரு துண்டு கூடுதலாக வேறு வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து லியானா திரும்பிப் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்லி எல்லோரும் சிரித்ததால்தான் நின்றிருந்தாள். நான் திட்டியதில் மறுபடி போனாள். அரைமணி நேரத்தில் வீட்டுக்கு வந்து, என் பெயரே இல்லை என்கிறார்கள் என்று சொன்னாள். நான் என்ன சொன்னேன்? பொய் சொல்லாதே, படிப்பு ஏறாத கழுதை என்றேன். நாலு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவனை விடமாட்டேன். அவன் சோறு தின்கிற கையே அவனுக்கு ஆகாமல் போகணும். விடமாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

இன்று பெரிய செய்தி. உயர்நிலைப் பள்ளிகளில் வாசிப்பை மேம்படுத்த மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறதாம். பள்ளிக்கு ஒரு வாசிப்பு ஆசிரியர், படிப்பை முடிப்பவர்களின் விகிதத்தை உயர்த்தும் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவி. மசோதாவைப் பற்றி ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கும் நாடாளுமன்றக் குழு, ஏப்ரல் இருபதாம் தேதி எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அரங்குக்கே வருகிறது.

ஏன் எங்கள் பள்ளி? ஐம்பத்தெட்டு சதவீதம் ஆறு வருஷத்தில் தொண்ணூற்றொன்று ஆகிவிட்டதாம். எங்கள் கென்டக்கி மாநிலம் முழுக்க இதற்கு இணை இல்லையாம். முதல் சாட்சி ராய்ஸ் பெனிங்டன்.

ஆசிரியர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதே தீர்மானித்துவிட்டேன். அந்த அரங்கில், அந்த மைக்குக்கு முன்னால், அவன் மூஞ்சியில் கரியைப் பூச வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி.

மார்ச் 19, வியாழன்

பெனிங்டன் நடைபாதையில் சிரித்தான். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நான் சிரித்ததே இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் காரில் உட்கார்ந்துகொண்டு குழுவின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சின்ன வயதுப் பெண் ஒருத்தி எடுத்தாள். சாட்சிகள் பட்டியல் முடிந்துவிட்டது, பொதுமக்கள் கூட்டத்தில் பேச முடியாது என்றாள். ஆனால் கூட்டம் முடிந்த பிறகும் பதினான்கு நாள் பதிவேடு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், குழு ஏற்றுக்கொண்டால் அச்சில் வரும். பிள்ளைகளின் பெயரை மட்டும் கறுப்பு மையால் மறைத்துவிட வேண்டும்.

விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன்.  "இந்த மசோதா வேண்டாம்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்கம்மா. நீங்க அனுப்புறது அவங்களுக்குத்தான் கொண்டாட்டம். பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

அவன் விழணும், அது போதும் எனக்கு என்றேன். சட்டம் வந்தால் என் பெண் மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு ஆசிரியர் கிடைப்பார் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

ஏப்ரல் 1, புதன்

பெனிங்டன் கூப்பிட்டான். மேவிஸ் சொல்லியிருக்கிறாள். பல் வலிக்காரி, அலமாரிச் சாவி இடம் மாறியிருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

நான் எதிர்பார்த்தது மிரட்டல். அவனோ காபி கொடுத்தான். லியானா விஷயம் ஒரு எழுத்துப் பிழை, இன்றைக்கே திருத்திவிடுகிறேன், திங்கட்கிழமை அவள் வகுப்பில் உட்காரலாம் என்றான். அலமாரியில் இருந்து எடுத்தது அலமாரிக்கே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாவட்ட அலுவலகக் கோப்பில் இருந்த லியானா படிவத்தின் நகலை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"இது யார் கையெழுத்து டெல்மா? லியானாகிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. தலையாட்டிவிட்டு வந்தேன். காபிக்கு நன்றி வேறு சொன்னேன்! தூ.

ஏப்ரல் 2, வியாழன்

படிவங்களைத் திரும்ப வைத்துவிட்டேன். நகல் எடுத்த பிறகுதான் வைத்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

லியானா வகுப்புக்குப் போய் நாலு நாள் ஆகிறது. கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு, சரி செய்துவிட்டார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். நம்பிவிட்டாள்.

அங்கே ஒரு டீச்சர் இவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சொல்லைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறாராம். இன்று மாலை சோப்புப் பெட்டியின் பின்பக்கத்தை முழுசாகப் படித்துக் காட்டினாள். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. படித்து முடித்துவிட்டு, "இவ்ளோதானா இது? கண்ணுல படக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நான் ஏதோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். அவன் கொடுத்த பிச்சை இது. என் பெண்ணிடம் இருந்து பிடுங்கியதை எனக்கே பிச்சையாகப் போட்டிருக்கிறான், நானும் கை நீட்டி வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

அரங்கு நிரம்பி வழிந்தது. கூடைக்குக் கீழே நீளமாக மேசை, மூன்று உறுப்பினர்கள். நான் பின்வரிசை. பெனிங்டன் இருபது நிமிஷம் பேசினான். ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் கைவிட்டதில்லை என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

பிறகு அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? "அரிசோனாவுக்குப் போய்விட்ட பிள்ளைகூட எங்களைத் தேடித் திரும்பி வருகிறது" என்று சொல்லி லியானாவை எழுந்து நிற்கச் சொன்னான். அந்த வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் மூன்றாவது வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது இதற்குத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். என் பெண் முகம் சிவந்து நின்றாள்.

குழுத் தலைவர் வயதானவர். நல்லபடியாகத்தான் கேட்டார், அரிசோனா எப்படி இருந்தது அம்மா என்று.

லியானா பெனிங்டனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் போனதே இல்லைங்க. நான் இந்த ஊரை விட்டே போனதில்ல. பங்குலதான் வேலை பாக்குறேன், நீங்க வந்த ரோட்டுலதான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாருமே சிரிக்கவில்லை. அலுவலகப் பிழை, திருத்தியாகிவிட்டது என்று பெனிங்டன் மைக்கை இழுத்துக்கொண்டான். தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். கூட்டம் அப்படியே அடுத்த சாட்சிக்குப் போய்விட்டது.

ஒரு மாதமாக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு கேள்வியையும் என் பெண் ஒரு பதிலில் கேட்டுவிட்டாள். நான் பின்வரிசையில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டாள், "அம்மா, நான் அரிசோனா போயிட்டேன்னு அவங்களுக்கு யாரும்மா எழுதிக் குடுத்தது?"

தெரியலையே என்றேன்.

ஏப்ரல் 27, திங்கள்

பதிவேடு மூட இன்னும் ஒரு வாரம். நகல்களைச் சமையல் மேசையில் பரப்பி, கறுப்பு மையால் ஒவ்வொரு பெயராக மறைத்தேன். நாற்பத்திரண்டு பெயர். எல்லாரையும் எனக்குத் தெரியும், எல்லாருக்கும் சாப்பாடு போட்டிருக்கிறேன். ஒருத்தன் சிறையில். இரண்டு பேர் கோழி ஆலையில். ஒருத்திக்கு மூன்று குழந்தைகள்.

நாற்பத்து மூன்றாவதை வெளியே எடுத்து வைத்தேன். நாற்பத்திரண்டு போதாதா? அவனைக் கவிழ்க்க நாலு போதும்.

ஏப்ரல் 30, வியாழன்

போதாது. நேற்று முழுக்க யோசித்தேன். நான் நாற்பத்திரண்டு அனுப்பினால் அவன் அந்த நாற்பத்து மூன்றாவதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவான். பெற்றோரே கையெழுத்துப் போட்டார்கள், புகார் கொடுக்கிறவளே போட்டிருக்கிறாள் என்பான். ஊர் சிரிக்கும். லியானா அதை அவன் வாயால் தெரிந்துகொள்வாள்.

அவனைப் பழிவாங்க வேண்டும் என்றால் என்னையும் சேர்த்துத்தான் வாங்க முடியும். என்ன சாமர்த்தியம்டா உனக்கு, பெனிங்டன்.

மே 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பீன்ஸும் சோள ரொட்டியும். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து படிவத்தை முன்னால் வைத்தேன். விரல் வைத்துப் படித்தாள். தன் பெயர். தேதி. அரிசோனா என்ற சொல்லை எழுத்துக் கூட்டினாள். கடைசியில் என் கையெழுத்துக்கு வந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பீட்சா நாள், வரிசை, கையுறை, அபராதம். அவசரத்தில் என்னவென்று பார்க்காமல் போட்டுவிட்டேன் என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எனக்குப் படிக்க வராது. உனக்கு வருமேம்மா" என்றாள்.

 நான் கறுப்பு மைப் பேனாவை எடுத்து அவள் பெயரை மறைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். "என் பேரை அடிக்காத. ஒரு தடவை அடிச்சது போதும்."

மே 4, திங்கள்

தபாலில் சேர்க்கக் கடைசி நாள். என் வாக்குமூலம் இரண்டரைப் பக்கம் வந்தது. அவனைப் பற்றி ஒன்றரைப் பக்கம், முகவரியைப் பற்றி முக்கால், என்னைப் பற்றி ஒரு பத்தி. அவசரத்தில் கையெழுத்திட்டேன் என்று எழுதினேன். அது பொய் இல்லை.

தபால் அலுவலகத்தில் உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லியானா வந்து, நாலாக மடித்த ஒரு தாளை உள்ளே போட்டாள். கோடு போட்ட தாள், வகுப்பு நோட்டில் இருந்து கிழித்தது. என்னடி எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். நீ படிக்காமலே ஒட்டு என்றாள்.

ஒட்டினேன். மாலையில் துணிமணியை எடுத்துக்கொண்டு பங்கில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 12, வெள்ளி

பெனிங்டன் ராஜினாமா. உடல்நலக் காரணமாம். போன வாரம் மாநிலத்தில் இருந்து நாலு பேர் வந்து அலமாரியையே தூக்கிக்கொண்டு போனார்கள். மேவிஸ் ஓய்வு வாங்கிக்கொண்டாள். அவன் தன் காரில் அட்டைப்பெட்டிகளை ஏற்றுவதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஒரு பெட்டி அடி பிய்ந்து கொட்டியது, கோப்பைகள், சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரங்கள். குனிந்து பொறுக்கினான். ஒருத்தரும் உதவிக்குப் போகவில்லை.

இதற்காகத்தான் காத்திருந்தேன். நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வயிறு குளிர்ந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. லியானாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஜூன் 9-ல் அவள் பிறந்தநாள். கேக்கை வகுப்பு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். வகுப்பில் அவள் பெயர் உறுதியாக இருக்கிறதா என்று அந்த டீச்சரிடம் கேட்டேன். ஒரு நாள்கூட விடாமல் வருகிறாள் என்றார்.

ஆகஸ்ட் 24, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. என்னைக் கேன்டீனுக்கே மாற்றிவிட்டார்கள். நோயல் வீட்டுப் பையன், கோழி ஆலையில் இருந்தவன், அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டானாம். யூமாக்காரர்களில் இவனோடு ஐந்து பேர் ஆயிற்று. மற்றவர்களுக்கு வயது தாண்டிவிட்டது.

அக்டோபர் 9, வெள்ளி

வாஷிங்டனில் இருந்து தடித்த உறை. கூட்டத்தின் அச்சுப் பிரதி. கூடவே அந்தப் போன் பெண்ணின் சின்னக் குறிப்பு: மசோதா சாகவில்லை, குழுவைத் தாண்டிவிட்டது. ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். மாற்றலாகிப் போனதாகக் காட்டும் ஒவ்வொரு மாணவருக்கும், போய்ச் சேர்ந்த பள்ளியின் கடிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் நின்றவராகவே எண்ண வேண்டும். முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

என் இரண்டரைப் பக்கம் 109-ம் பக்கத்தில் இருக்கிறது. அச்சில் பார்க்கையில், என்னைப் பற்றிய பத்தி எவ்வளவு சின்னது என்று தெரிகிறது.

112-ம் பக்கம் லியானாவுடையது. ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

"என் பெயர் லியானா கோம்ப்ஸ். நான் அரிசோனா போகவில்லை. இரண்டு வாரம் கலித்து பல்லிக்குப் போனேன். உன் பெயர் இல்லை என்ரார்கள். வீட்டில் சொன்னேன். நம்பவில்லை. எனக்குப் படிக்க வராது. படிக்க வருகிர இரண்டு பேர் என் தாலைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் பொய் எலுதினார். ஒருவர் படிக்காமல் கையெலுத்துப் போட்டார். இரண்டு பேர் பெயரும் எலுதுகிரேன். ராய்ஸ் பெனிங்டன். டெல்மா கோம்ப்ஸ்."

மூன்று தடவை படித்தேன். வரிக்கு வரி பிழை. அந்த இரண்டு பெயர்களில் மட்டும் ஒரு பிழை இல்லை.